வெறுமையான விபத்துப் புத்தகமும் நிறைந்த சில்லறைக் காசேடும்

அம்பாறைக் கரையோரத்தில் ஒரு அரிசி ஆலைக்குச் சில காலம் கணக்கு எழுதினேன். வாரத்தில் இரண்டு நாள் போவேன். மேசை லாச்சியில் நாலைந்து கொப்பிகள் கிடக்கும். அதில் ஒன்றின் மட்டையில் ‘விபத்துப் பதிவு’ என்று அழகான எழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தது. திறந்தால் திகதி, பெயர், காயம், நடவடிக்கை என்று நான்கு நிரல்கள். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மூன்று வருடமாக ஒரு எழுத்தும் விழவில்லை.

சில்லறைக் காசேட்டைத் திறந்தால் கதை வேறு. பிளாஸ்டர். சித்தாலேப. துணிக்கட்டும் ஸ்பிரிட்டும். ‘ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ’. ‘மருந்துக்கு முற்பணம்’. அறுவடைக் காலத்தில், ஆலை இரவும் பகலும் ஓடும் நாட்களில், இந்த வரிகள் வாரத்துக்கு மூன்று நான்கு வந்துவிடும். ஒரே கட்டடம், ஒரே ஆட்கள், இரண்டு கொப்பிகள். ஒன்று யாருக்கும் எதுவும் நடக்கவில்லை என்கிறது. மற்றது அதற்காகச் செலவழித்த காசைச் சொல்கிறது. எதை நம்புவது என்று கணக்குக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலைத்தலப் பாதுகாப்பைக் கண்காணிப்பது என்றதும் நம் ஊர்களில் பலரும் நினைப்பது அந்த முதல் கொப்பியைத்தான். சுவரில் ஒரு பலகை, ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு பதிவேடு. யாராவது பரிசோதிக்க வந்தால் காட்டலாம். ஆனால் அந்தக் கொப்பி ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று கேட்கத் தொடங்கினால்தான் கண்காணிப்பு என்றால் என்ன என்பது பிடிபடும்.

நான் கேட்டேன். மூடை தூக்கும் நாட்டாமைமாரில் மூத்தவர் ஒருவரிடம். அவர் கணுக்காலில் துணி சுற்றியிருந்தார்.

“இதையெல்லாம் எழுதினா மறுகா யாரு தம்பி நம்மள வேலைக்குக் கூப்பிடுற? காலும் கையும் சரியா இருக்கிற ஆளத்தான் கூப்பிடுவாங்க.”

அவருக்கு மூடைக் கணக்கில்தான் கூலி. தூக்காத நாளில் காசு இல்லை. முதலாளியிடம் கேட்டபோது அவர் பொய் சொல்லவில்லை. “பெரிசா ஒண்டும் நடக்கல்லயே தம்பி, நடந்தா எழுதுவம்தானே” என்றார். அவர் கணக்கில் விபத்து என்றால் கை போவது, ஆள் போவது. பிளாஸ்டர் போடுவது வேலையின் ஒரு பகுதி. இருவர் சொன்னதும் அவரவர் பக்கத்தில் நியாயம்தான். விளைவு மட்டும் ஒன்று: வெள்ளைத் தாள்.

சட்டத்தின் எல்லைக்கோடும் இதற்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது. இலங்கையில் இந்த விடயத்தின் மூலச்சட்டம் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது. பல தடவை திருத்தியும் எலும்புக்கூடு அதேதான். நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம். அதன் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்தான் நம்மிடம் வரக்கூடியவர். ஒருவர் இறந்தாலோ, காயத்தால் மூன்று நாளுக்கு மேல் தன் வழமையான வேலையில் முழுக் கூலி உழைக்க முடியாமல் போனாலோ அவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த ‘மூன்று நாள்’ ஒரு விசித்திரமான மருந்து. எப்பேர்ப்பட்ட சுளுக்கும் மூன்றாம் நாள் சுகமாகிவிடுகிறது! தானாக ஆறாவிட்டாலும் ஆள் நொண்டிக்கொண்டு வந்து கணக்குப் பிள்ளையின் கண்ணில் பட்டுவிட்டால் போதும்.

எழுதாமல் விடுவதால் முதலாளிக்கு இலாபம் என்று நினைப்பதும் சரியில்லை. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன்படி கிடைக்கக்கூடிய உச்சத் தொகை நெடுங்காலம் ஐந்தரை இலட்சம் ரூபாயில் நின்றது. 2022இல் வந்த திருத்தம் அதை 20 இலட்சமாக்கியது. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் வழியில் நடக்கும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தது. நாளைக்கு ஒருவர் ‘இந்த முதுகு உங்கள் ஆலையில்தான் போனது’ என்று வந்தால், அல்லது அங்கே போகவில்லை என்று முதலாளி சொல்ல வேண்டி வந்தால், இருவருமே தேடப்போவது அந்தக் கொப்பியைத்தான். வெறும் தாள் யாருக்கும் சாட்சி சொல்லாது.

சரி, எல்லாவற்றையும் எழுதுகிறோம் என்று வையுங்கள். அப்புறம் என்ன?

பெரிய நிறுவனங்களில் இதை ஒரு விகிதமாக மாற்றுவார்கள். வேலை செய்த மொத்த மணித்தியாலங்களில், நாள் இழப்புக்குக் காரணமான காயங்கள் எத்தனை என்று. சிலர் 10 இலட்சம் மணித்தியாலத்துக்கு இத்தனை என்பார்கள். அமெரிக்கக் கணக்கில் 2 இலட்சம். அது 100 பேர் ஒரு வருடத்துக்கு, வாரம் 40 மணித்தியாலமாக 50 வாரம் உழைப்பது. எங்கள் ஆலையில் 12 பேர். நாளுக்கு 8 மணித்தியாலம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 28,800 மணித்தியாலம். ஒரே ஒரு காயம் நடந்தால் அமெரிக்கக் கணக்கில் விகிதம் 7ஐத் தொடும். நடக்காவிட்டால் 0. இந்த வருடம் 7, அடுத்த வருடம் 0, அதற்கடுத்த வருடம் மறுபடி 7 என்று துள்ளும் ஓர் எண்ணை வைத்து ஆலை திருந்துகிறதா கெடுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலைக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். கல்முனைப் பக்கத்து வெல்டிங் கடைக்கும் மருதமுனையின் தறிக்கூடத்துக்கும் பொருந்தாது. சின்ன இடத்தில் எண்ணிக்கை முக்கியமில்லை, ‘எதனால்’ என்ற சொல்தான் முக்கியம்.

ஆகவே சில்லறைக் காசேட்டில் ஒரு நிரலைக் கூட்டினேன். முதலாளியிடம் கேட்கவும் இல்லை. பிளாஸ்டருக்குக் காசு கொடுக்கும்போது எதற்கென்று விசாரிப்பது கணக்குக்காரன் உரிமைதானே. ‘எதனால்’ என்ற அந்த நிரலில் இரண்டு மாதத்தில் வந்து விழுந்ததை நானும் எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் சாக்குத் தைக்கும் ஊசி. வாய் கட்டும்போது உள்ளங்கையில் ஏறியது, முழங்காலில் குத்தியது. ஊசியைத் தரையில் வைத்துவிட்டு எழும்பும் பழக்கம்தான் காரணம். சுவரில் ஒரு பழைய டயர்த் துண்டை அடித்து, ‘ஊசி இதில் குத்தி வைக்கவும்’ என்று எழுதினோம். செலவு இரண்டு ஆணி. பிளாஸ்டர்ச் செலவு பாதியானது. அன்றைக்கு எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு வந்ததை மறைப்பானேன்.

அந்த மதிப்பு அதிக நாள் நிற்கவில்லை. அதற்குக் காரணத்தைச் சொல்ல 1931க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை பார்த்த ஹைன்ரிக் என்பவர் விபத்து அறிக்கைகளைப் பார்த்து ஒரு முக்கோணம் வரைந்தார். ஒரு பெரிய காயத்துக்குக் கீழே 29 சிறு காயங்கள், அதற்குக் கீழே காயமே இல்லாமல் தப்பிய 300 சம்பவங்கள். அடியைக் குறைத்தால் உச்சியும் குறையும் என்பது அதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம். உலகம் முழுக்கப் பாதுகாப்புப் பயிற்சியில் இன்றும் அந்த முக்கோணம் வருகிறது. பிற்கால ஆய்வாளர்கள் அதை நன்றாகவே உரித்தார்கள். அந்த எண்களுக்கு அடிப்படையான அறிக்கைகள் பின்னால் வந்தவர்கள் பார்க்கக் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை, எல்லாச் சிறு காயமும் பெரிய காயத்தின் தம்பி இல்லை. ஊசி குத்துவது ஆயிரம் தடவை நடந்தாலும் அது ஊசி குத்துவதுதான். கை போகும் இடம் வேறு.

எங்கள் ஆலையில் அந்த இடம் எது என்பது எல்லோருக்கும் தெரியும். மோட்டரிலிருந்து, நெல்லின் உமியை நீக்கும் ஹலருக்குப் போகும் பெல்ட். அந்தப் பக்கம் நடக்கும் ஒவ்வொருவரும் சாறனைத் தன்னையறியாமல் ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பெல்ட்டின் பெயரில் என் நிரலில் ஒரு பிளாஸ்டரும் இல்லை. இருக்கவும் முடியாது. ஓடும் பெல்ட் பிளாஸ்டர் அளவில் காயம் கொடுக்காது. சாறன் நுனியையோ சேட்டுக் கையையோ பிடித்தால், ஆள் ‘ஐயோ’ என்பதற்குள் கப்பியில் சுற்றி எடுத்துவிடும். ‘ஆபத்தான ஒவ்வொரு இயந்திரப் பகுதிக்கும் உறுதியான மறைப்பு வேண்டும்’ என்பது 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடு எலும்பு. ஆலைக்கும் இரும்புத் தகட்டில் மூடி இருந்தது. எங்கே என்று தேடினேன். சுவரோரம் இரண்டு கல்லின் மேல் படுத்திருந்தது. அதன் மேல் சோற்றுப் பார்சல்கள்.

ஆகவே கண்காணிப்பில் இரண்டு வேலை இருக்கிறது. நடந்ததை எழுதுவது ஒன்று. நடக்காததைப் போய்ப் பார்ப்பது மற்றது. முதலாவதைக் கொப்பி செய்யும். இரண்டாவதை எந்தக் கொப்பியும் செய்யாது, கால்தான் செய்ய வேண்டும். காலையில் மோட்டர் போடுமுன் ஆலையை ஒரு சுற்று வருவது. மூடி இருக்கிறதா, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர்க் குழியின் பலகை இருக்கிறதா, போயிலரின் நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது. போயிலரை மட்டும் மேலோட்டமாகப் பார்க்கக் கூடாது. தண்ணீர் குறைந்து குழாய்கள் சிவக்கச் சூடேறிய பிறகு, பயத்தில் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டால் அது வெடிகுண்டு. சேஃப்டி வால்வு அடிக்கடி சீறுகிறது என்று அதில் பாரம் கட்டுபவரும் உண்டு. சீறுவதுதான் அதன் வேலை, அதன் வாயை மூடினால் போயிலர் வேறு வழியாகப் பேசும். மணிக்கொரு தடவை நீர்மட்டத்தையும் அமுக்கத்தையும் சாக்கட்டியால் பலகையில் எழுதினால் போதும். எழுத வேண்டும் என்பதற்காகவாவது ஆள் எழும்பிப்போய்ப் பார்ப்பார்.

மின்சாரத்துக்கு இதைவிடச் சுலபமான ஒன்று இருக்கிறது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் ஸ்விட்ச்சில் ‘டெஸ்ட்’ (Test) என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் கரண்ட் அடிக்கும் நாளிலும் விழாது. கடை, ஆலை, வீடு எல்லாவற்றிலும் இருக்கும் பொத்தான். அதை அழுத்தியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். ‘அழுத்தினா கரண்ட் போயிடுமே’ என்பார்கள்!

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நொடியில் நடப்பவை. மெல்ல நடப்பவற்றைப் பிடிப்பது இதைவிடக் கஷ்டம், அவைதான் அதிகம் கொல்கின்றன. சர்வதேச தொழில் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி வேலையின் காரணமாக உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் இறக்கிறார்கள். அதில் விபத்து கொண்டுபோவது 3 இலட்சத்து 30 ஆயிரம் பேரை. மிச்சம் ஏறத்தாழ 26 இலட்சமும் நோய். அந்த நோய்க்கு ஆஸ்பத்திரிச் சீட்டில் ஆலையின் பெயர் இருக்காது. இளைப்பு, செவிட்டுத்தனம், மாரடைப்பு என்றுதான் இருக்கும். வேலையை விட்டுப் பத்து வருடத்துக்குப் பிறகும் வரலாம்.

தூசியை எடுங்கள். ஆலைக்குள் வெயில் கீற்று விழும் இடத்தில் பொன்னாக மிதக்கிறதே, அது கண்ணுக்குத் தெரியும் தூசி. மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் நின்றுவிடும். தும்மலாகவும் சளியாகவும் வெளியே வரும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமானது. உமிச் சாம்பலைப் பற்றி நம்மிடையே ஒரு அலட்சியம் இருக்கிறது, பல்லுக்கே தேய்த்தோமே என்று. அதன் பெரும்பகுதி சிலிக்கா. சாதாரண சூட்டில் எரிந்த சாம்பலில் அது உருவற்ற வகையாக இருக்கும், ஆபத்துக் குறைவு. உலையில் சூடு மிக ஏறினால் பளிங்கு வகையாக மாறும். கல் உடைப்பவரின் நெஞ்சைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் பளிங்குச் சிலிக்காவின் வேலைதான். சாம்பல் அள்ளுபவரின் முகத்தில் தூசி வடிகட்டும் முகக்கவசம் இருக்கிறதா, சாம்பலுக்குத் தண்ணீர் தெளித்தார்களா என்று பார்ப்பது அதனால்தான். சாம்பல் மேட்டைப் பற்றி இன்னொன்று. மேலே நரைத்துக் குளிர்ந்து கிடக்கும், உள்ளே நாட்கணக்கில் நெருப்பு இருக்கும். வெறுங்காலோடு குறுக்கு வழியில் போகும் சின்னப் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

சத்தத்தை அளக்கக் கருவி வேண்டும் என்று கட்டாயமில்லை. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அங்கே 85 டெசிபல் அளவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 8 மணித்தியாலம் என்றால் அதுதான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணித்தியாலம், 91இல் 2. ஆலைக்காரரின் வீட்டில் தொலைக்காட்சி ஏன் அவ்வளவு உரக்கப் பாடுகிறது என்று அயலவருக்குப் புரியாது.

பாரத்துக்கும் எண்கள் இருக்கின்றன. சர்வதேச தொழில் அமைப்பு 1967இல் ஆண் ஒருவருக்குச் சொன்ன உச்சம் 55 கிலோ. பின்னால் வந்த அமெரிக்கச் சூத்திரம், எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூட 23 கிலோவில் தொடங்குகிறது. எங்கள் நெல் மூடை 60ஐத் தாண்டும். இதற்கு என்னிடம் அழகான தீர்வு இல்லை. மூடை சிறிதானால் ஏற்றி இறக்கும் எண்ணிக்கை கூடும், கூலிப் பேச்சு குழம்பும். தள்ளுவண்டியும் சாய்பலகையும் கொஞ்சம் உதவும். அதற்கு மேல் நான் பேசினால் தூக்காதவன் சொல்லும் புத்தியாகிவிடும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நெல் காயவைக்கும் தளத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சிமெந்துத் தரை கீழிருந்தும் சுடும். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது சூட்டில் வேலை செய்பவர்களுக்கான பொது விதி. குடத்தில் தண்ணீர் எப்போதும் இருந்தது. ஆனால் மாலைவரை குடம் குறையவே இல்லை. ஏன் என்று ஆண்கள் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு அக்காதான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், “தண்ணி குடிச்சா எங்க போற?” ஆலையில் பெண்களுக்கென்று பூட்டுப் போட்ட மலசலகூடம் இல்லை. வெப்பத் தாக்கத்தைக் கண்காணிக்க வெப்பமானி வாங்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரம் அது. கதவில்லாத மலசலகூடத்தை எந்தக் கருவி காட்டும்? கேட்டால்தான் தெரியும், கேட்க வேண்டிய ஆள் கேட்டால்தான் சொல்வார்கள். 2018இல் வந்த ஐ.எஸ்.ஓ. 45001 என்ற சர்வதேச நியமம் வேலை செய்பவர்களின் பங்கேற்பு என்று பக்கம் பக்கமாக வலியுறுத்துவதன் பொருள் இதுதான்.

வாழைச்சேனைப் பக்கம், மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் வாடிகளை நினைத்தால் வேறொரு பயம் வரும். பெரிய ஐஸ் ஆலைகளில் குளிரூட்டப் பயன்படுவது பெரும்பாலும் அமோனியா. அதற்கு ஒரு நல்ல குணம், மிகக் கொஞ்சமாகக் கசிந்தாலும் மூக்கைத் துளைக்கும். ஒரு கெட்ட குணமும் உண்டு. அந்த நெடியோடேயே இருப்பவரின் மூக்கு அதற்குப் பழகிவிடும். ‘இங்க எப்பவும் கொஞ்சம் மணக்கும் தம்பி’ என்று வேலையாள் சாதாரணமாகச் சொன்னால் அங்கே கண்காணிக்க மூக்கை நம்ப முடியாது என்று அர்த்தம். பழைய ஐஸ்காரர்கள் கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் இணைப்புகளில் காட்டுவார்கள். கசிவு இருந்தால் வெள்ளைப் புகை எழும்பும். நனைத்த சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும். காற்றில் பத்து இலட்சத்துக்கு 300 பங்கு என்ற அளவே உயிருக்கு உடனடி ஆபத்து. எந்தக் கதவால் ஓடுவது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை ஐஸ் வாடிக்காரர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

2018 ஏப்ரலில் ஹொரணைக்குப் பக்கத்தில் பெல்லப்பிட்டியவில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் நடந்ததை மறந்துவிட்டோம். அமோனியா கலந்த தொட்டிக்குள் ஒருவர் விழுந்தார். அவரைத் தூக்க இறங்கியவர்களும் மயங்கினார்கள். இறந்தவர்கள் ஐந்து பேர், காப்பாற்றப் போனவர்களும் அதில் அடக்கம். கிணறு, குழி, மலக்குழித் தொட்டி, நெல் நிறைந்த மூடிய அறை, எல்லாவற்றிலும் இதே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. நல்ல மனம் உள்ளவன் இரண்டாவதாகச் சாகிறான். கயிறு இல்லாமல், மேலே ஒருவர் காவல் இல்லாமல், காற்றைப் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் ஒரு வேலைத்தலம் கண்காணித்தாலும் பெரிய காரியம்.

வெளியார் வந்து பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்த பிறகு ‘ஓடிட்’ என்ற சொல் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. “நாளைக்கு ஓடிட், இன்டைக்கு லேட்டாகும்” என்று தங்கைமார் சொல்வார்கள். வழி துப்புரவாகும், தீயணைப்பான்கள் மினுங்கும். அதனால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2012 செப்டெம்பரில் கராச்சியில் எரிந்து 250க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ஆடைத் தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. சன்னல்களில் கம்பி, பூட்டிய கதவுகள். சான்றிதழ் அதையெல்லாம் தாண்டி வந்திருந்தது.

அதைவிட என்னை உறுத்துவது டாக்காவுக்கு அருகே ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம். 2013 ஏப்ரல் 23ஆம் திகதி கட்டடத்தில் வெடிப்புகளைக் கண்டார்கள். கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டு போயின. மேல்தளங்களில் தைத்தவர்களை மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து விழுந்தது, 1,100க்கும் மேற்பட்டவர்கள் அடியில் போனார்கள். அங்கே கண்காணிப்புத் தவறவில்லை. வெடிப்பைக் கண்ணால் கண்டார்கள். கண்டதை வைத்து ‘இன்றைக்கு வேலை இல்லை’ என்று சொல்லும் அதிகாரம் தைத்தவர்களிடம் இல்லை. அது இருந்தவர்கள் சொல்லவில்லை.

எங்கள் ஆலையில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். பெல்ட்டில் மூடி இல்லை என்று கண்ட பையன் மோட்டரை நிறுத்தலாமா? நிறுத்தினால் அன்றைக்கு அவனுக்கு என்ன கிடைக்கும், பேச்சா பாராட்டா? அறுவடை நேரத்தில், வெளியே லொறிகள் வரிசையில் நிற்கும்போது?

இன்னொரு விடயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் மாவட்டங்களில் அதிகம் பேர் வேலை செய்யும் இடத்துக்கு இந்த 1942ஆம் ஆண்டுச் சட்டம் வராது. வயல் தொழிற்சாலை இல்லை. வாவியும் கடலும் இல்லை. கடைகளுக்கு 1954ஆம் ஆண்டின் தனிச்சட்டம். நெல்லை ஆலைக்குள் கொண்டுவந்த பிறகு பிடிக்கும் சட்டம், அதே நெல்லைச் சேற்றில் நின்று விளைவித்தவரைப் பிடிக்கவில்லை. எலிக்காய்ச்சல் விவசாயிக்குத் தொழில் நோய்தான். போகம் தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டொக்சிசைக்ளின் வாங்கிக்கொள்ளலாம். காலில் புண்ணோடு வயலில் இறங்கியவர் காய்ச்சலில் விழுந்தால் அதை யார் எந்தக் கொப்பியில் வேலை விபத்து என்று எழுதுவது? வயல் சொந்தக்காரரான போடியார் எழுதமாட்டார். கூலிக்குப் போனவரும் எழுதமாட்டார்.

பெல்ட் மூடியின் கதை பாதியில் நிற்கிறது. அது ஏன் கழற்றப்பட்டது என்று ஒரு நாள் மிசின் ஓட்டுபவரிடம் கேட்டேன், குற்றம் கண்டுபிடிக்கும் குரலில் கேட்காமல் இருக்கக் கொஞ்சம் முயன்று. அவர் கூச்சப்பட்டார். பிறகு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கப்பியின் பெயாரிங்குக்கு நாளுக்கு இரண்டு தடவை கிரீஸ் அடிக்க வேண்டும். கிரீஸ் நிப்பிள் மூடிக்கு உள்ளே இருக்கிறது. ஆறு போல்ட் கழற்றி, அடித்து, ஆறு போல்ட் பூட்ட அரை மணித்தியாலம். ஒரு கிழமை அப்படிச் செய்திருக்கிறார். அப்புறம் நாலு போல்ட். அப்புறம் இரண்டு. ஒரு நாள் மூடியே இறங்கிவிட்டது. சோம்பேறித்தனம் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்.

வெல்டிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டோம். நிப்பிளைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு மெல்லிய செப்புக் குழாயை மாட்டி, மூடிக்கு வெளியே கொண்டுவந்து, நுனியில் நிப்பிளைப் பூட்டினார். தகட்டு மூடியை வெட்டிக் கம்பி வலை வைத்தார், பெல்ட் நழுவுகிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். அரை நாள் வேலை. அதற்கான பணம் சில்லறைக் காசேட்டில், ‘எதனால்’ நிரலில் என்ன எழுதுவது என்று தெரியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன். சோற்றுப் பார்சல்கள் இப்போது ஜன்னல் கட்டின் மேல்.